பாறையேறும் ரிமோட் வண்டிகளின் ஸ்டீயரிங்: உடைந்ததும் உறுதிப்பட்டதும்

ரிமோட் மூலம் இயக்கப்படும் சிறு வண்டிகளுள் 'ராக் க்ராலர்' எனப்படும் பாறையேறி வண்டி தனி இனத்தைச் சேர்ந்தது. வேகம் அதன் குறிக்கோள் அன்று; மனிதர் நடக்கும் வேகத்திற்கும் குறைவாக ஊர்ந்து, தன் சக்கரத்தைவிடப் பெரிய கற்களின்மீது கவிழாமல் ஏறி இறங்குவதே அதன் வேலை. பந்தய வண்டியில் மோட்டாரும் சஸ்பென்ஷனும் முதலில் பழுதாகும் என்றால், இவ்வகை வண்டியில் பெரும்பாலும் முதலில் உடைபவை முன் அச்சின் ஸ்டீயரிங் பாகங்கள்தாம். அவற்றை உறுதிப்படுத்த ஆர்வலர்கள் செய்த முயற்சிகள் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகால வரலாற்றை உடையவை. ஒரு பாகம் வலுப்பெற்றதும் உடைவு அங்கிருந்து நீங்கி அடுத்த பாகத்திற்குச் சென்றது என்பதும், அப்பாகத்தைப் பழுதுபார்க்க வீட்டு மேசையில் பிறந்த உபாயங்கள் சில ஆண்டுகளில் தொழிற்சாலைத் தயாரிப்புகளாக வெளிவந்தன என்பதும் அவ்வரலாற்றில் திரும்பத் திரும்பக் காணப்படுபவை.

பாகங்களின் அமைப்பு முதலில் தெளிவாக வேண்டும். முன் அச்சின் உறை குழாய் வடிவில் வண்டியின் அகலத்திற்கு நீள்கிறது. அதன் இரு முனைகளிலும் ஆங்கில எழுத்தான 'சி' போல வளைந்த கவ்வி ஒன்று பொருத்தப்படுகிறது. அது சி-ஹப் எனப்படும். கவ்விக்குள் அமர்ந்து, மேலும் கீழுமாக இரு திருகுகளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பும் பாகம் நக்கிள். அத்திருகுகள் கிங்பின் எனப்படுகின்றன. சக்கரம் நக்கிளில்தான் சுழல்கிறது. நக்கிளிலிருந்து நீளும் கைகள் இரண்டையும் இணைத்து இரு சக்கரங்களையும் ஒன்றாகத் திருப்பும் கம்பி டை ராட். அதைத் தள்ளவும் இழுக்கவும் செய்யும் மற்றொரு கம்பியான டிராக் லிங்க், சர்வோவிலிருந்து வருகிறது. சர்வோ என்பது ஒரு சிறு மோட்டாரும், அதன் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் கியர் தொகுதியும், அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அறியும் மின்சுற்றும் ஒரே பெட்டியில் அடங்கிய கருவி. அதன் பல்வெட்டிய முனையில் மாட்டப்படும் சிறு கை ஹார்ன் எனப்படும். கம்பிகளின் முனைகளில் உள்ள குண்டுமூட்டுகளையும் சேர்த்தால், ரேடியோ கட்டளை சக்கரத்தை அடைவதற்குள் ஏழெட்டு இணைப்புகளைக் கடக்கிறது. அவற்றுள் எது பலவீனமானதோ அதுவே முழு அமைப்பின் பலம்.

இந்த அமைப்பு பொம்மைக்காகப் பிறந்ததன்று. குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஒரே முளையில் திரும்பிய காலத்தில், மியூனிக் நகர வண்டி தயாரிப்பாளர் கேயார்க் லாங்கன்ஷ்பெர்கர் ஒவ்வொரு சக்கரத்தையும் தன் முளையில் தனியே திருப்பும் முறையை உருவாக்கினார். அவருடைய முகவராக லண்டனில் இருந்த அச்சக உரிமையாளர் ருடால்ஃப் ஆக்கர்மன் 1818இல் அதற்குக் காப்புரிமை பெற்றதால், கண்டுபிடித்தவரின் பெயர் மறைந்து முகவரின் பெயர் நிலைத்தது. திருப்பத்தில் உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்வதால் இரண்டும் வெவ்வேறு கோணத்தில் திரும்ப வேண்டும் என்பது ஆக்கர்மன் வடிவியலின் சாரம். இந்தச் சிக்கலுக்கு உடனே நல்ல தீர்வு கிட்டாததால் கார்ல் பென்ஸின் 1885ஆம் ஆண்டு வண்டி மூன்று சக்கரங்களோடு வெளிவந்தது. நான்கு சக்கர வண்டிக்கான ஸ்டீயரிங் முறைக்கு அவர் காப்புரிமை பெற்றது 1893இல்தான்.

முன் சக்கரங்கள் திரும்புவதோடு இழுக்கவும் வேண்டும் என்ற நிலை வந்தபோது சிக்கல் இரட்டித்தது. மோட்டாரின் சுழற்சி, திரும்பி நிற்கும் நக்கிளின் வழியாகச் சக்கரத்தை அடைய வேண்டும். அதற்கு வளைந்தபடியே சுழலும் மூட்டு வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது லட்சக்கணக்கில் உற்பத்தியான ஜீப்பின் முன் அச்சில் பெண்டிக்ஸ்-வைஸ், ட்செப்பா, டிராக்டா எனப் பல வகை மூட்டுகள் பயன்பட்டன. போருக்குப் பின் உபரியாக விற்கப்பட்ட அவ்வண்டிகள் அமெரிக்க மலைப்பாதைகளுக்கு வந்தன. கலிஃபோர்னியாவின் சியர்ரா நெவாடா மலையில் ஜார்ஜ்டவுனுக்கும் டாஹோ ஏரிக்கும் இடையே உள்ள ரூபிகான் பாதையில் 1953இல் முதல் ஜீப் ஜம்போரி நடந்தது. பாறைகளுக்கு நடுவே உருண்ட அவ்வண்டிகளில் டை ராட் வளைவது வழக்கமானதால், வளைந்த கம்பியை நிமிர்த்திக் குழாயொன்றை அதன்மேல் போர்த்தி வலுவூட்டுவது, கம்பியை அச்சுக்கு மேலே உயர்த்தி வைப்பது, பேட்டரிகளை இணைத்துப் பாதையிலேயே வெல்டிங் செய்வது முதலிய உபாயங்கள் ஓட்டுநர்களிடையே பரவின. பிற்காலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு வண்டிகளில் செய்யப்பட்ட திருத்தங்களில் பல இவற்றின் சிற்றுருவங்களே.

அளவு குறையும்போது பலம் எப்படி மாறுகிறது என்பதை இங்கே குறிப்பிடுவது பொருத்தம். நீளம் பத்தில் ஒன்றாகும்போது எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்போ நூறில் ஒன்றாகத்தான் குறைகிறது. ஆகவே 2,000 கிலோ வண்டியின் சிறு வடிவம் 2 கிலோ எடை கொண்டு, தன் எடைக்கு ஒப்பிட்டால் பத்து மடங்கு வலுவாக இருக்க வேண்டும். ஆனால் எஃகுக்குப் பதிலாக நைலானும், வெல்டிங்கிற்குப் பதிலாக நைலானில் நேரடியாகக் கடித்து நிற்கும் 3 மி.மீ. திருகும் அந்த ஆதாயத்தின் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. தன் உயரத்தைப்போல் பல மடங்கு உயரமுள்ள பாறையிலிருந்து உருண்டு விழுவதையும் சிறு வண்டி அன்றாடம் தாங்க வேண்டியிருக்கிறது. உண்மையான ஜீப்பை யாரும் அப்படி நடத்துவதில்லை.

ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1976இல் போர்ஷே 934 மாதிரியோடு ரிமோட் வண்டித் துறையில் நுழைந்து, 1981இல் டொயோட்டா ஹைலக்ஸ் நான்கு சக்கர இழுவை வண்டியின் மாதிரியை வெளியிட்டது. உலோகச் சட்டம், பட்டைவில்கள், மூன்று வேகக் கியர்பெட்டி ஆகியவற்றோடு அது உண்மை வண்டியின் உடலமைப்பையே பின்பற்றியது. 1985இன் புரூசரும் அதே வழியில் வந்தது. உருவ ஒற்றுமைக்காக ஏற்ற அந்த அமைப்பு ஒரு குறையையும் உடன் கொண்டுவந்தது. சர்வோ சட்டத்தில் இருக்க, அச்சு பட்டைவில்லோடு மேலும் கீழும் ஆடுகிறது. இரண்டையும் இணைக்கும் கம்பி தன் முனையை மையமாகக் கொண்டு வட்டவில்லில் செல்ல வேண்டியிருப்பதால், கட்டளை எதுவும் இல்லாதபோதே அச்சு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் சற்றுத் திரும்புகிறது. ஆர்வலர்கள் இதை 'பம்ப் ஸ்டீயர்' என்கிறார்கள். உண்மையான ஹைலக்ஸ் ஓட்டுநர்களும் இதே குறையை எதிர்கொண்டு, முன்னும் பின்னுமாகத் தள்ளிய கம்பியை நீக்கிக் குறுக்காகச் செல்லும் கம்பியை வைத்துக்கொண்டனர்.

1987இல் தமியா வெளியிட்ட கிளாட் பஸ்டர் இந்த வரலாற்றின் திருப்புமுனை. நிறுவனம் அப்படி எண்ணி அதைச் செய்யவில்லை என்பதே அதன் சுவை. பெரிய சக்கரங்கள் கொண்ட மான்ஸ்டர் டிரக்கின் மாதிரியான அவ்வண்டியில் முன்னும் பின்னுமாக இரு மோட்டார்கள் அச்சுகளின் மீதே அமர்ந்திருந்தன; நான்கு சக்கரங்களும் இழுத்தன, நான்கும் திரும்பின. ஆனால் அவற்றைத் திருப்பிய சர்வோ சட்டத்தின் நடுவே இருந்து நீண்ட கம்பிகளால் இரு அச்சுகளையும் ஆட்டியது. கம்பிகள் நெளிந்ததால் பாதிக் கட்டளை வழியிலேயே கரைந்தது. கனமான சக்கரங்களைத் திருப்ப முடியாமல் சலித்த உரிமையாளர்கள், அலுமினியத் தகட்டை வெட்டித் துளையிட்டுத் தாங்கி செய்து, சர்வோவைப் பெயர்த்து நேரே அச்சின் மேலேயே வைத்தனர். சர்வோவும் நக்கிளும் ஒரே அச்சில் சேர்ந்து ஆடியதால் பம்ப் ஸ்டீயர் அடியோடு மறைந்தது. கம்பியின் நீளமும் ஒரு சாண் அளவிலிருந்து சில செ.மீ. அளவுக்குக் குறைந்தது. நாளடைவில் சிறு பட்டறைகள் அத்தாங்கியைக் கடைந்து விற்கத் தொடங்கின. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும், அமெரிக்காவில் முழு அளவு வண்டிகளின் பாறையேற்றப் போட்டிகள் பரவிய அதே காலத்தில், ரிமோட் ஆர்வலர்கள் பாறைக்கு வந்தபோது அவர்கள் கையில் ஆயத்தமாக இருந்தவை கிளாட் பஸ்டரின் அச்சுகளும், அதே தமியாவின் சிறிய டி.எல்.டி.-1 வண்டியின் அச்சுகளுமே.

பாறையில் வண்டி ஏற வேண்டுமானால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் மற்றது இழுக்க வேண்டும். வழக்கமான டிஃபரன்ஷியல், அதாவது இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி, எதிர்ப்பில்லாத சக்கரத்தை வீணே சுழலவிட்டுப் பிடிப்புள்ள சக்கரத்தைக் கைவிடும். ஆகவே தொடக்ககால ஆர்வலர்கள் அதன் உள்ளே எப்பாக்ஸியையோ சூட்டுப் பசையையோ நிரப்பி இறுக்கிப் பூட்டினர். இழுவை கூடியது, ஸ்டீயரிங்கின் துன்பம் அங்கே தொடங்கியது. பூட்டிய அச்சில் இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழலும் என்பதால், திருப்பத்தில் ஏதேனும் ஒரு சக்கரம் தரையில் அரைபட்டே ஆக வேண்டும். அந்த அரைப்பின் எதிர்ப்பை முழுவதும் சர்வோ சுமக்கிறது. மென்மையான ரப்பர் டயர்களும், வண்டி கவிழாமலிருக்கச் சக்கரங்களுக்குள் ஒட்டப்பட்ட ஈயப் பட்டைகளும் அதற்கு மேலும் பாரம் ஏற்றின. இரு பாறைகளுக்கு நடுவே டயர் சிக்கி நின்றால் எதிர்ப்புக்கு வரம்பே இல்லை. ஆக்கர்மன் வடிவியலின் நுட்பம் பூட்டிய அச்சில் பெரும்பாலும் பயனற்றுப் போனதையும் உடன் சொல்ல வேண்டும்: சக்கரங்கள் எப்படியும் அரைபடும் என்ற இடத்தில் ஓரிரு பாகைக் கோண வேறுபாடு பெரிதாக உதவுவதில்லை.

இந்தச் சூழலில் முதலில் தூக்கியெறியப்பட்ட பாகம் சர்வோ சேவர். ஹார்னின் இடத்தில் அமர்ந்து, இரு துண்டுகளை ஒரு சுருள்வில்லால் சேர்த்துப் பிடிக்கும் இச்சிறு கருவி, பந்தய வண்டியின் சக்கரம் சுவரில் மோதும்போது சுருள் விரிந்து அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளவும், அதனால் சர்வோவின் கியர் பற்கள் தப்பவும் வகுக்கப்பட்டது. பந்தயத்தில் ஆபத்து வெளியிலிருந்து திடீரென வருகிறது. பாறையிலோ விசை உள்ளிருந்து மெல்ல எழுகிறது. சக்கரத்தைத் திருப்ப வேண்டிய முறுக்கு முழுவதையும் சுருளே தின்றுவிட, சர்வோ முழுக் கோணம் திரும்பியும் சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே சேவரை நீக்கி, பிளவுபட்ட உலோக ஹார்னைத் திருகால் இறுக்கிப் பூட்டினார்கள். அந்நடவடிக்கையில் பலர் ஒரு சிறு விஷயத்தில் இடறியிருக்கக்கூடும்: சர்வோ முனையில் ஃபுடாபா நிறுவனம் 25 பற்களும், ஹைடெக் 24 பற்களும், ஜே.ஆர். 23 பற்களும் வெட்டின. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் தவறான ஹார்னை அழுத்தி மாட்டினால் பற்கள் வழித்துக்கொண்டு போகும்.

சேவர் போனதும் உடைவு சர்வோவுக்குள் நுழைந்தது. அக்காலத்தில் பரவலாக வழங்கிய ஃபுடாபா எஸ்3003 சர்வோவின் முறுக்குவிசை 4.8 வோல்ட்டில் 3.2 கி.கி.செ.மீ.; அதாவது 2 செ.மீ. நீள ஹார்னின் முனையில் 1.6 கிலோ எடைக்குச் சமமான தள்ளல். பிளாஸ்டிக் கியர் கொண்ட அது பாறையில் சிக்கிய சக்கரத்தின் முன் சில நொடிகளில் பற்களை இழந்தது. உலோகக் கியர் சர்வோக்கள் வந்தன. 10, பின்னர் 20, 30 கி.கி.செ.மீ. என விசை ஏறியது. 20 கி.கி.செ.மீ. சர்வோ அதே ஹார்ன் முனையில் 10 கிலோ தள்ளலைத் தருகிறது என்று கணக்கிட்டால், முன்பு 1.6 கிலோவுக்கு மேல் அறியாத கம்பிகளும் மூட்டுகளும் என்ன பாடுபட்டிருக்கும் என்பது விளங்கும்.

அதற்கு முன் மின்சாரமே தோற்றது. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கருவிக்குள் இருக்கும் பி.இ.சி. என்ற பகுதிதான் பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்து ரேடியோ ஏற்பிக்கும் சர்வோவுக்கும் ஊட்டுகிறது. வலுவான சர்வோ திரும்ப முடியாமல் நிற்கும் நொடியில் பல ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்க, மின்னழுத்தம் சரிந்து ஏற்பியே அணைந்து மீண்டும் விழிக்கும். வண்டி செங்குத்தான பாறையில் தொங்கும் வேளையில் அது நிகழ்ந்தால் விளைவு சொல்லாமலே விளங்கும். பழுது கம்பியிலோ கியரிலோ இல்லாததால் இதைக் கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது. பேட்டரியிலிருந்து நேராக எடுத்த தனி பி.இ.சி. ஒன்றைச் சர்வோவுக்கென வைப்பது வழக்கமானது. பிற்காலத்தில் இரண்டு அல்லது மூன்று செல் லித்தியம் பேட்டரியின் முழு மின்னழுத்தத்தையும் நேரே ஏற்கும் சர்வோக்கள் வந்து அச்சிறு பெட்டியையும் தேவையற்றதாக்கின.

மின்சாரச் சிக்கல் தீர்ந்ததும் உடைவு கம்பிகளில் தோன்றியது. இழுக்கப்படும் கம்பி நீளவாக்கில் நன்றாகத் தாங்கும். தள்ளப்படும் மெல்லிய கம்பி நொறுங்கும் முன்பே வில்லாக வளைந்து ஒதுங்கிவிடும். 18ஆம் நூற்றாண்டில் லியோன்ஹார்ட் ஆய்லர் தூண்களுக்கு வகுத்த கணக்கு இதற்கும் பொருந்துகிறது: வளைவை எதிர்க்கும் திறன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்பதால், 3 மி.மீ. கம்பிக்குப் பதில் 6 மி.மீ. கம்பியை வைத்தால் அது இரண்டு மடங்கன்று, பதினாறு மடங்கு விறைக்கிறது. ஆர்வலர்கள் கணக்குப் போட்டு இதைச் செய்யவில்லை. ரூபிகான் ஓட்டுநர்களைப் போலவே, 3 மி.மீ. மரைக் கம்பியின்மேல் அலுமினியக் குழாயைப் போர்த்தி, இரு முனைகளிலும் மூட்டுகளைத் திருகி அக்குழாயை நடுவே நெருக்கிப் பிடிக்க வைத்தனர். கடைகளில் பின்னர் விற்பனைக்கு வந்த டைட்டானியக் கம்பிகள் இதையே அழகாகச் செய்தன. ஒரு முனையில் வலமரையும் மறுமுனையில் இடமரையும் வெட்டிய கம்பிகளும் வழக்கத்திற்கு வந்ததால், மூட்டுகளைக் கழற்றாமலே கம்பியைச் சுழற்றிச் சக்கரங்களின் நேர்க்கோட்டைத் திருத்த முடிந்தது.

கம்பி அச்சுக்கு முன்னால் இருந்தால் பாறை முதலில் அதில்தான் மோதும். அதைப் பின்னால் மாற்றினால் மோதல் தவிர்க்கப்படும். ஆனால் அங்கே இணைப்புத் தண்டுகளும் டிரைவ் ஷாஃப்டும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. மேலே உயர்த்தினால் சர்வோ இடிக்கும். எங்கே வைப்பது என்பதில் இன்றளவும் ஒருமித்த முடிவு இல்லை என்பதும், தயாரிப்பாளர்கள் மூன்று வகையையும் விற்கிறார்கள் என்பதும் அது தீர்ந்துவிடக்கூடிய சிக்கலன்று என்பதைக் காட்டுகின்றன.

ஆக்ஸியல் நிறுவனம் 2007இல் ஏ.எக்ஸ்.10 ஸ்கார்பியனை வெளியிட்டபோது, பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்ட வேண்டிய தேவை குறைந்து, பாறைக்கென்றே வடிவமைத்த வண்டி பெட்டியில் கிடைக்கத் தொடங்கியது. 2.2 அங்குல விளிம்பு கொண்ட சக்கரங்களும் அச்சின்மீதே அமரும் சர்வோவும் அதில் இருந்தன. கிளாட் பஸ்டர் உரிமையாளர்கள் தகட்டை வெட்டிச் செய்தது தொழிற்சாலையின் இயல்பான அமைப்பாகியிருந்தது. ஆனால் நக்கிளும் சி-ஹப்பும் பிளாஸ்டிக்கில் இருந்ததால் உடைவு அங்கே குடியேறியது.

சரிசெய்தலின் நுட்பத்தைக் காண கிங்பின் துளையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். திருகு நக்கிளின் நைலானில் கடித்து நிற்க, சி-ஹப்பின் துளை அதைச் சுற்றித் தாங்குகிறது. ஓடைக்கரையின் மணலும் ஈரமும் இடையே புகுந்து அரைக்க, வட்டத் துளை சில மாதங்களில் முட்டை வடிவம் கொள்கிறது. இரு கிங்பின்களுக்கும் இடையே சுமார் 2 செ.மீ. தூரமே இருக்க, டயரின் ஆரம் 6 செ.மீ.க்கும் மேல் என்பதால், துளையில் அரை மில்லிமீட்டர் தேய்வு டயரின் விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஆட்டமாகப் பெருகுகிறது. புதிய பாகம் வாங்காமல் இதைத் தீர்க்க விரும்பியவர்கள் துளையை 4 மி.மீ. அளவுக்குச் சீராக அகலப்படுத்தி, மாதிரி விமானக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய பித்தளைக் குழாயை உயரத்துக்கு அறுத்து அதில் செருகினர். அதன்பின் திருகு நைலானில் உராயாமல் பித்தளையில் உராய்ந்தது. மரை வழுக்கிய துளைக்கு வேறு வைத்தியம் உண்டு: அதனுள் ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, நன்றாகக் காய்ந்தபின் திருகை மெல்ல ஓட்டினால் புது மரை விழும். அது தற்காலிகமே. துளையை மறுபுறம் வரை ஊடுருவச் செய்து நீண்ட போல்ட்டை நுழைத்து, தளராத நைலாக் நட்டால் பூட்டுவதே நிலையான வழி. குண்டுமூட்டு ஆடினால் கிண்ணத்திற்குள் பிளாஸ்டிக் பையின் சிறு துணுக்கை வைத்துக் குண்டை அழுத்துவதும், நைலான் பாகங்களைப் பூட்டும் முன் வெந்நீரில் கொதிக்கவைப்பதும் பழைய ரிமோட் வண்டிக்காரர்களிடமிருந்து வந்த பழக்கங்கள். இரண்டாவதற்கு உறுதியான காரணம் இருக்கிறது: முற்றிலும் உலர்ந்த நைலான் விறைப்பாகவும் எளிதில் முறிவதாகவும் இருக்கும், நீரை ஈர்த்துக்கொண்டபின் சற்று மென்மையடைந்து, முறியாமல் வளைந்து மீளும். அந்நீரில் கறுப்புத் துணிச்சாயத்தைக் கலந்து வெள்ளைப் பாகங்களை நிறம் மாற்றியவர்களும் உண்டு.

இந்த உபாயங்களோடு ஒப்பிட்டால் அலுமினியத்தில் கடைந்த நக்கிளும் சி-ஹப்பும் எளிய தீர்வாகத் தோன்றின. விமானத் தொழிலில் பயன்படும் 7075 கலவையில் அவற்றைச் செய்து விற்பதையே தொழிலாகக் கொண்ட சிறு நிறுவனங்கள் தழைத்தன. ஆட்டம் நின்றது. ஆனால் நைலான் வளைந்து மீளும் இடத்தில் அலுமினியம் வளைவதே இல்லை, வளைந்தால் மீள்வதில்லை. நக்கிள் விழுங்காத அதிர்ச்சி அச்சின் பிளாஸ்டிக் உறைக்குச் சென்று, சி-ஹப்பைப் பிடித்திருந்த திருகுத்துளைகளைக் கிழித்தது. உறையும் உலோகமானபோது அடி உள்ளே சுழலும் மூட்டில் விழுந்தது.

அந்த மூட்டின் கதை கோணத்தோடு பின்னியது. பாறைகளுக்கிடையே குறுகலாகத் திரும்புவதற்காக, நக்கிள் எவ்வளவு திரும்பலாம் என்று வரையறுக்கும் சிறு முட்டுகளை ஆர்வலர்கள் அரத்தால் தேய்த்து நீக்கினர். ஆனால் அதனுள் சுழலும் கார்டன் மூட்டு, அதாவது ஹுக் மூட்டு, வளைந்த நிலையில் சீராகச் சுழல்வதில்லை. 45 பாகையில் ஒவ்வொரு சுற்றிலும் அதன் வெளிவேகம் உள்வேகத்தின் 0.71 பங்குக்கும் 1.41 பங்குக்கும் இடையே ஊசலாடுகிறது. முறுக்குவிசையும் அதற்கேற்ப ஏறி இறங்குவதால், முழுத் திருப்பத்தில் சக்கரம் சிக்கியிருக்கும்போது மோட்டாரை முடுக்கினால் மூட்டின் காதுகள் விரிந்தோ, நடுவிலுள்ள முளை முறிந்தோ போகும். முட்டுகளை நீக்கியது திருத்தமாகுமா, கெடுதலாகுமா என்றால், இரண்டும்தான். திருப்பம் கிடைத்தது, அதற்கான விலை ஷாஃப்டில் தரப்பட்டது. தடிப்பான எஃகு மூட்டுகள் வந்து அகன்ற கோணத்தைத் தாங்கும் வரை, முழுத் திருப்பத்தில் மோட்டாரை மெல்லத் தொடும் விரல் பழக்கமே சிறந்த வலுவூட்டலாக இருந்தது.

ஆக்ஸியலின் எஸ்.சி.எக்ஸ்.10 வண்டியின் வரவுக்குப் பின், ஏறக்குறைய 2010 முதல், ரசனை திசை மாறியது. வெறும் குழாய்ச் சட்டங்களாக இருந்த போட்டி வண்டிகளைவிட, உண்மையான ஜீப்பைப் போலவே தோன்றும் வண்டிகளை மக்கள் விரும்பினர். அச்சின்மேல் துருத்தி நிற்கும் சர்வோ அத்தோற்றத்தைக் கெடுத்தது. அச்சு மேலெழும்போது அது சட்டத்தையும் இடித்தது. கிளாட் பஸ்டர் காலத்தில் அச்சுக்கு இறக்கப்பட்ட சர்வோ இப்போது மீண்டும் சட்டத்திற்கு ஏற்றப்பட்டது. ஒழித்த பம்ப் ஸ்டீயர் திரும்பி வராமலிருக்க, சட்டத்திலிருந்து அச்சுக்குக் குறுக்கே செல்லும் பான்ஹார்ட் கம்பி சேர்க்கப்பட்டது. டிராக் லிங்க்கும் அக்கம்பியும் ஏறத்தாழ ஒரே நீளத்திலும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருந்தால், இரண்டும் ஒரே வட்டவில்லில் ஆடுவதால் சக்கரம் தானாகத் திரும்பாது. உண்மை ஜீப்புகளில் நெடுங்காலமாக இருந்துவந்த இந்த ஏற்பாட்டை முதலில் உதிரிபாக விற்பனையாளர்கள் தொகுப்புகளாகத் தந்தனர், 2016இன் எஸ்.சி.எக்ஸ்.10-2 அதைத் தொழிற்சாலையிலிருந்தே கொண்டுவந்தது. மாதிரி வண்டியின் பொறியியல் தோற்ற ஆசையால் முன்னேறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

2017இல் டிராக்ஸஸ் நிறுவனம் வெளியிட்ட டி.ஆர்.எக்ஸ்.-4 வேறொரு பழைய யோசனையைப் புதுப்பித்தது. ஜெர்மனியின் யூனிமாக் வண்டிகளால் பெயர்பெற்ற போர்ட்டல் அச்சில், நக்கிளின் உள்ளேயே ஒரு கியர் இணை இருந்து சக்கரத்தின் மையத்தை அச்சின் மையத்துக்குக் கீழே இறக்குகிறது. அச்சு தரையிலிருந்து உயர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும் நன்மை. வேகக் குறைப்பின் ஒரு பகுதி மூட்டைத் தாண்டிய பின்பே நிகழ்வதால் மூட்டின்மேல் விழும் முறுக்கு குறைகிறது என்பது தெரியாத நன்மை. மூட்டைத் தடிப்பாக்குவதற்குப் பதில் அதன் பாரத்தைக் குறைத்த பெரிய மாற்றம் எனலாம். பதிலுக்கு நக்கிள் பெருத்துக் கனத்தது. அதனுள் பேரிங்குகளும் கியர்களும் புகுந்ததால் நீரில் ஓட்டியபின் கழற்றித் துடைக்க வேண்டிய இடங்களும் பெருகின.

இதே ஆண்டுகளில் பித்தளை நக்கிள்கள் பரவின. பித்தளையின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 8.5 கிராம், அலுமினியத்தினுடையது 2.7, ஆகவே ஒரே வடிவிலான நக்கிள் மூன்று மடங்கு எடையோடு அச்சின் முனையில், கூடியவரை தாழ்வாக அமர்ந்து வண்டியைத் தரையோடு பிடிக்கிறது. வலிமையில் பித்தளை 7075 அலுமினியத்தை எட்டாது என்பதை விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஸ்டீயரிங் பாகத்தை உறுதிக்காக மாற்றிய காலம் போய், எடைக்காக மாற்றும் காலம் வந்தது. அந்த எடையையும் சர்வோதான் திருப்ப வேண்டியிருந்தது.

2020ஐ ஒட்டி ஆக்ஸியல் கொண்டுவந்த எஸ்.சி.எக்ஸ்.24, உள்ளங்கையில் அடங்கும் 1/24 அளவு வண்டி. வீட்டுக்குள் புத்தகங்களையும் தலையணைகளையும் பாறையாக்கி ஓட்டத் தகுந்த அதற்கும் பித்தளை நக்கிள்கள் உடனே வந்தன. அவற்றைத் திருப்பச் சிறு சர்வோ திணறியதால் வலுவான மாற்றுச் சர்வோக்களும், அவற்றைப் பொருத்தப் புதிய தாங்கிகளும் அடுத்தடுத்து வந்தன. தாங்கிகளை இப்போது பலர் வீட்டு முப்பரிமாண அச்சு எந்திரத்திலேயே செய்துகொள்கிறார்கள், பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சிட்டவை திருகைச் சுற்றி அடுக்கு அடுக்காகப் பிளந்துகொள்வதால், நைலானைச் சேர்ந்த இழைகளை நாடுகிறார்கள். பித்தளைக் குழாய் செருகும் பழைய வைத்தியத்துக்கு மட்டும் இந்த அளவில் இடமில்லை: கிங்பின் திருகு 2 மி.மீ. அளவுக்கும் மிஞ்சாததாக இருக்க, அதைச் சுற்றியுள்ள சுவரின் தடிப்பு குழாயின் சுவர்த் தடிப்பைவிட அதிகமில்லை. தேய்ந்த நக்கிளைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டுவதே வழக்கம்.